விற்ற வீட்டில் பதினேழு நாள்

விற்றதும் வாங்கியதும் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. சித்தூரில் இருபத்திரண்டு வருடம் குடியிருந்த வீட்டைத் திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை திருப்பதியில் தரைத்தளத்து ஃபிளாட் ஒன்று எங்கள் பேரில் ரிஜிஸ்டர் ஆனது. அந்த வாரம் முழுக்க என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

திருப்பதிக்குப் போக முடிவெடுத்தது மனைவியின் வலது முழங்காலுக்காக. ஆபரேஷன் அங்கேதான் நடந்தது. பிசியோதெரபியும் அங்கேதான். என் வேலையும் அந்த ஊர்க் கல்லூரி ஒன்றின் லேபில். இத்தனை வருடம் பாகாலா வழியாக ரயிலில் போய் வந்தேன். நான் போய் வரலாம், வாக்கர் பிடித்து நடக்கிறவள் எப்படி வாரம் இரண்டு முறை போய் வருவாள்?

புது வீட்டைப் பற்றி அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "ஆடி போவட்டும். ஆவணி ஒண்ணாந்தேதி நானே நடந்து, வலது கால முன்னால வெச்சி உள்ள போவணும். நீங்க புடிச்சிகினு வரக்கூடாது."

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். கல்யாணமான புதிதில், வாடகை வீட்டுக்கு ராகு காலத்தில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நுழைந்து வீரம் காட்டியவன் நான். ஆனால் ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடுவதற்கு முன் அவள் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு, எனக்கு அந்த மாதிரிச் சிரிப்பு வருவதில்லை. சரி என்றேன்.

எங்கள் வீட்டை வாங்கியவர் மாங்காய்க் கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். தெலுங்குக்காரர், தமிழும் எங்களைப் போலவே பேசுவார். அவர் மனைவிக்கு அங்கன்வாடியில் வேலை. விலை பேசும்போது எங்களுக்குள் பெரிய சண்டை. போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று அவர் சொல்ல, "அப்ப நம்மூரு நீவா ஆத்துக்குள்ள போயி வீடு கட்டிக்குங்க" என்று நான் எழுந்தேவிட்டேன். எப்படியோ முடிந்தது. பத்திரம் பதிந்த அன்று அவர், "ஆஷாடம் போனதும் நாங்க வந்துடறோம் சார்" என்றார். "தாராளமா வாங்க, ஆடி போனதும் நாங்களும் கெளம்பிடறோம்" என்றேன். கை குலுக்கிக்கொண்டோம்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் செய்யக்கூடாத தப்பு அது. யுகாதிக்கும் லீவு போட்டு, சித்திரை ஒன்றுக்கும் லீவு போட்டுப் பாயசம் குடிப்பவர்கள் நாங்கள். அவர்களுடைய ஆஷாடம் அமாவாசையோடு முடியும், மறுநாளே சிராவணம், நல்ல மாதம். எங்கள் ஆடி அதற்கப்புறமும் மூன்று வாரம் ஓடும். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கை குலுக்கிய சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் போன் வந்தது. "வர்ற வியாழக்கிழமை முகூர்த்தம் சார். புதன்கிழமை சாவி குடுத்தா போதும்."

முதலில் கத்தினேன். போனை வைத்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். ஆவணி பிறக்க அந்த வியாழக்கிழமையிலிருந்து பதினேழு நாள். பத்திரப்படி சித்தூர் வீட்டில் ஒரு செங்கல்கூட என்னுடையது இல்லை. அவர்களுக்கும் வேறு வழியில்லை. அவர்கள் இருந்த வாடகை வீட்டுக்கு ஒன்றாம் தேதி வேறு ஆள் வருவதாக இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். முழங்காலைத் தடவிக்கொண்டாள். "பரவால்ல, ஆடியிலயே போயிடலாம். புடிச்சிகினே வாங்க" என்றாள். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கேட்ட ஒன்றையும் அவளே திருப்பி எடுத்துக்கொண்டதுதான் தாங்கவில்லை.

அன்று சாயங்காலமே அவர்களுடைய வாடகை வீட்டுக்குப் போனேன். ஆற்றுக்குள் வீடு கட்டச் சொன்ன அதே வாயால் பதினேழு நாள் தவணை கேட்டேன். ஆடி, ஆவணி, வலது கால், எல்லாம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "முகூர்த்தத்த தள்ள முடியாது சார். இங்கயும் காலி பண்ணியாகணும்."

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி தெலுங்கில் அவரை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "முகூர்த்தத்த எதுக்கு தள்ளணும்? பால் பொங்கிச்சின்னா அது எங்க வீடு. எங்க வீட்ல நீங்களும் இருங்க. ரெண்டு ரூம் கீதில்ல? அந்த கால வெச்சிகினு அக்கா எங்க போவாங்க?"

என் மனைவியை அவர் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தார், அதுவும் சமையலறை மேடையை அளக்க வந்தபோது.

வியாழக்கிழமை காலை எங்கள் அடுப்பில் அவர்களுடைய பால் பொங்கியது. குறுக்கே இருக்க வேண்டாம் என்று மனைவி உள் அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். முதல் டம்ளர் பாலை அவளைத் தேடிக் கொண்டுவந்து அவள் கையில்தான் கொடுத்தார் அந்த அம்மா.

ஹால் அவர்களுக்கு, உள் அறை எங்களுக்கு. சமையல் ஒன்றாகவே நடந்தது. அவர்கள் வீட்டுக் காரத்தில் எனக்குக் காது அடைத்தது, ஆனாலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றேன். மூன்றாம் நாள் பழக்க தோஷத்தில், "எவன்டா அது, மோட்டார ஆஃப் பண்ணாம போனது?" என்று சத்தம் போட்டேன். வீட்டுக்குச் சொந்தக்காரர் துண்டோடு ஓடி வந்து, "சாரி சார்" என்று அணைத்தார். எனக்கு மானம் போய்விட்டது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

படியேறும்போது நல்ல காலை முதலில் வை என்பது ஆரம்பத்தில் டாக்டர் சொன்னது. இப்போது ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் ஆபரேஷன் செய்த காலையும் முதலில் வைத்துப் பழக்கலாம் என்று சொல்லியிருந்தார். நான் பக்கத்தில் நின்றால் பயத்தில் அவள் கையை இறுக்கிப் பிடித்துவிடுவேன். அதனால் அது நடக்கவே இல்லை. அந்த அம்மா அங்கன்வாடி விட்டு வந்ததும் தினம் சாயங்காலம் வாசற்படிக்கு அவளைக் கூட்டிப் போனார். "என் தோள தொடு அக்கா, புடிக்காத. ம், இப்ப தூக்கு." முதல் நாள் அந்தக் கால் வெடவெடவென்று நடுங்கியது. நாலைந்து நாளில் நடுக்கம் குறைந்தது. பன்னிரண்டாம் நாள் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

பதினேழு நாளுக்கு வாடகை என்று சூப்பர்வைசரிடம் ஒரு கவரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வாடகைக்கு வுட்ட வீட்ல ஓனரும் பாய் போட்டு படுத்துகினு இருப்பானா சார்? உள்ள வைங்க" என்றார்.

ஆவணி ஒன்றாம் தேதி நாலு பேரும் ஒரே காரில் திருப்பதிக்குப் போனோம். ஃபிளாட் வாசலில் மனைவி வாக்கரைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். நான் கையை நீட்டினேன். அந்த அம்மா என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

அவள் வலது காலைத் தூக்கினாள். படியைத் தாண்டி உள்ளே வைத்தாள். நடுங்கவில்லை. இடது காலும் உள்ளே போனது. யாரும் தொடாமல் தன் வீட்டுக்குள் நின்றாள். திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை, எனக்கு முன்னால் நின்றவரைப் பார்த்துக் கையை நீட்டி, "வாம்மா, நீ மொதல்ல வா" என்றாள்.

அந்த அம்மா உள்ளே போனார். அவர் கணவர் என்னைப் பார்த்து, "நீங்க போங்க சார்" என்றார். நான் அவர் கையைப் பிடித்தேன். நன்றி சொல்லத்தான் பிடித்தேன். "நீங்க போங்க" என்று மட்டும் சொன்னேன்.

கடைசியாக நான் நுழைந்தேன். எந்தக் காலை முன்னால் வைத்தேன் என்று தெரியாது. கண்ணில் தண்ணீர் நிறைந்து தரையே தெரியவில்லை.