என் மகள் மதராசி இல்லை

பிறந்த ஊரிலேயே வாழ்கிறவளை எந்த ஊர்க்காரி என்று சொல்வது? எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை.

மாநில எல்லைகளை மாற்றி வரைந்த மறுவருடம் என் மூத்த மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். சுதந்திர தின விழாவில் ஒவ்வொரு குழந்தையும் ஒரு மாநிலத்தின் அட்டையைப் பிடித்துக்கொண்டு, "நான் வங்காளி", "நான் பஞ்சாபி" என்று சொல்ல வேண்டும். இவளுக்குக் கொடுத்தது மதராஸ்.

வீட்டில் சொல்லிப் பார்க்கும்போது அட்டையைக் கீழே போட்டுவிட்டாள்.

"நான் மதராசி இல்லம்மா. மதராஸை நான் பாத்ததே இல்ல."

நானும்தான் பார்த்ததில்லை. இருவரும் மைசூர் மாநிலத்து ஒக்கலிபுரத்தில் பிறந்தவர்கள். வேலூர் நாத்தனார் என்னைக் கண்டாலே, "வாடி மைசூர்க்காரி, ராகிக் களி இல்லாம உனக்குச் சாப்பாடு இறங்குமா?" என்பாள். இங்கே குழாயடியில் நான் மதராசி.

"ஒரு அட்டைதானே, வம்பு பண்ணாத" என்றார் கணவர். மூன்றாம் நாள் பள்ளிக்குப் போனேன்.

"நீவு மதராஸினவரு அல்வா?" நீங்கள் மதராஸ்காரர்தானே என்று கேட்ட ஆசிரியைக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

நாங்கள் இந்த ஊர்க்காரர்கள்தான் என்று கன்னடத்திலேயே சொன்னேன். மைசூர் அட்டை ஒரு தார்வாடப் பெண்ணிடம் இருக்கிறதே என்றார்.

"போன வருஷம் வரைக்கும் தார்வாடம் பம்பாயோட இருந்தது, மிஸ். அவ ஒரே நாள்ல மைசூர்க்காரி ஆகலாம், மூணு தலைமுறையா இருக்கிற நாங்க ஆகக்கூடாதா?"

குரல் உயர்ந்துவிட்டது. அந்தச் சிறுமி கதவருகே நின்றதை அப்புறம்தான் பார்த்தேன். அட்டையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவளுடையதைப் பிடுங்க வரவில்லை, இன்னொன்று எழுதுங்கள் என்றேன்.

விழாவில் இரண்டு மைசூர்கள் நின்றார்கள். மதராஸுக்கு ஆளில்லை. "நான் மைசூர்க்காரி" என்று என் மகள் கத்தியே சொன்னாள். யாரோ சிரித்தார்கள்.

"நம்ம பாஷைக்கு ஆளில்லாம பண்ணிட்டியே" என்றார் கணவர். அது இன்னும் உறுத்துகிறது. அந்தச் சிறுமியின் முகமும்தான். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளமாட்டேன். தமிழ் பேசுவதால் நாங்கள் வெளியூர்க்காரர்கள் ஆகிவிடமாட்டோம்.

இப்போது அவளைப் பெரிய பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் வந்திருக்கிறது. தாய்மொழி: தமிழ். எந்த மாநிலத்தவர்: மைசூர். எழுதிவிட்டேன், இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்து இடமில்லை என்றுவிட்டால் பாதிக்கப்படுவது அவள் அல்லவா? இந்த ஊர்த் தாய்மார்களே, நீங்கள் எப்படிக் கொடுத்தீர்கள், கேள்வி கேட்டால் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். மைசூரை அடித்துவிட்டு மதராஸ் என்று எழுது என்று மட்டும் சொல்லாதீர்கள்.