மூன்றாம் எண்: பரவாயில்லை

சித்தி பன்னிரண்டு வருடங்களாகக் கிளாஸ் கழுவுகிறாள். மது இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் முதல் மாடியில், ருசி பார்க்கும் அறையை ஒட்டிய தொட்டியில். கழுவுமுன் ஒவ்வொரு காலிக் கிளாஸையும் ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் தண்ணீரைத் திறப்பாள். "காலையில வந்த ஒயின்ல ரெண்டாவது பாட்டில் கெட்டுப்போச்சு" என்பதுபோல் போகிற போக்கில் அவள் சொன்னது மூன்று தடவை சரியாக இருந்தது. அதனால் மேலாளர் ருசி பார்க்கும் மேசையில் அவளுக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். இந்த ஒரு தடவை பார்ப்போம், தேறினால் நாற்காலி அவளுக்கே என்றார்.

சித்தி ஒரு சொட்டுகூட விழுங்கியதில்லை. ருசி பார்ப்பவர்கள் வாயில் வைத்துவிட்டு வாளியில் துப்ப வேண்டும் என்பது அவளுக்குப் பிடித்த விதி. சித்தப்பாவுக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை.

"குடிச்சிட்டு வர்ற புருஷனைப் பார்த்திருக்கேன். துப்பிட்டு வர்ற பொண்டாட்டியை இப்பத்தான் பார்க்கறேன்."

"அந்த வாளிக்கு இருக்கற மரியாதை உங்களுக்கு இல்லையேன்னு வயித்தெரிச்சல்" என்றாள் சித்தி.

அன்று மேசையில் இருந்தவை ஆறு போர்பன்கள். சோளத்திலிருந்து வடித்து, உள்பக்கம் கருக்கிய புது மரப்பீப்பாயில் ஊறவைக்கும் விஸ்கி அது. ஆறுமே மலிவு ரகம். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நிறுவனம் தன் சொந்தப் பெயர் ஒட்டி விற்கப்போகிறது. பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றி எண் மட்டும் போட்டிருந்தார்கள். மேலாளர், கொள்முதல்காரர், சித்தி மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முகர்ந்தார்கள், துப்பினார்கள், இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்தார்கள்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. சித்தி எட்டாவது வரைதான் படித்தவள். அதே அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் நான், மற்றவர்கள் காதில் விழாதபடி தொட்டியருகே நின்று அவள் சொல்வதை மொழிபெயர்த்து எழுதினேன்.

"மூணு?"

"பரவாயில்லை."

"அஞ்சு?"

ஒரு கணம் யோசித்தாள். "நல்லாயிருக்கு."

மூன்றுக்கு 'சுமார்' என்றும் ஐந்துக்கு 'நன்று' என்றும் பொருள்படும் சொற்களை எழுதிக் கொடுத்தேன்.

கொள்முதல்காரர் மூன்றைச் சொல்லியிருந்தார். மேலாளர் ஐந்து. சித்தியின் படிவம்தான் முடிவு செய்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "அஞ்சாம் நம்பர்தான். இன்னிக்கே ஆர்டர் போயிடும்" என்றார் மேலாளர்.

சித்தி தொட்டிக்குப் போனாள். தன் ஆறு கிளாஸ்களில் நாலைக் கழுவிக் கவிழ்த்தாள். இரண்டை மட்டும் தொடவில்லை.

"அந்த அஞ்சை யாரு சொன்னது?" என்று கேட்டாள்.

"நீங்கதானே சித்தி."

"நானா? நல்லாயிருக்குன்னுதானேடி சொன்னேன்!"

எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டம்மா உப்பை அள்ளிப் போட்ட குழம்பு கொண்டுவந்தபோது சித்தி சொன்னது, நல்லாயிருக்கு. சித்தப்பா வாங்கிவந்த ஊதா நிறத் திரைச்சீலைக்கும் அதேதான். நான் பள்ளியில் முதலாவதாக வந்த அன்று மதிப்பெண் தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னது, பரவாயில்லை. இரண்டு மொழி படித்த எனக்கு வீட்டு மொழி மறந்துபோயிருந்தது. ஐந்தாம் எண் கடைக்குப் போய்த் திரும்பி வந்தால், அதைத் தேர்ந்தெடுத்த மூக்கு சித்தியுடையது என்றுதான் சொல்வார்கள். நாற்காலி போய்விடும்.

மேலாளர் அறைக்குப் போனேன். "சார், படிவத்துல என் தப்பு ஒண்ணு இருக்கு."

"எழுத்துப் பிழையா?"

"இல்ல சார். சித்தி நல்லாயிருக்குன்னா நல்லா இல்லைன்னு அர்த்தம்."

பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நல்லா இருந்தா என்ன சொல்வாங்க?"

"பரவாயில்லைன்னு."

"அதுக்கு மேல?"

"எங்க வீட்ல யாரும் கேட்டதில்ல சார்."

அவர் சிரிக்கவில்லை. ஐந்து அவருடைய தேர்வும் அல்லவா. "எல்லாரும் முடிவு சொன்னப்புறம் மாத்தறது நல்லதில்லம்மா" என்றார்.

அதற்குள் சித்தி ஈரக்கையோடு வாசலில் நின்றாள், கையில் அந்த இரண்டு காலிக் கிளாஸ்கள். "சார், வாயில வைக்க வேணாம். மோந்து மட்டும் பாருங்க. ரெண்டும் காலையில போட்டிருந்த பவுடரெல்லாம் இப்ப கலைஞ்சிருக்கும்."

அவர் ஐந்தை எடுத்தார். நகப்பூச்சு நெடி எனக்கே எட்டியது. மூன்றை எடுத்தார். அடியில் ஒட்டியிருந்த ஈரத்திலிருந்து வறுத்த சோளமும் லேசாகக் கருகிய சர்க்கரையும் வந்தன. பெரிய விஷயமெல்லாம் இல்லை, கொடுத்த விலைக்கு ஒழுங்கான சரக்கு. அவர் ஐந்தை மறுபடி முகர்ந்தார். ஏதாவது மிச்சம் இருக்காதா என்று தேடுவதுபோல் இருந்தது.

பிறகு ஆர்டர் தாளை இழுத்து எண்ணை அடித்துத் திருத்தினார்.

"வியாழக்கிழமை ரம் வருது. பத்து மணிக்கு வந்து உட்காந்துடுங்க."

"அப்ப கிளாஸ் கழுவறது?"

"வேற ஆள் பார்ப்போம்."

"கழுவட்டும். அதுக்கு முன்னாடி என்கிட்ட ஒருதடவை காட்டிடச் சொல்லுங்க" என்றாள் சித்தி.

மேலாளருக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. தானே எழுந்துபோய், அலுவலகத்துக்குப் புதிதாக வாங்கிய இயந்திரத்திலிருந்து அவளுக்கு ஒரு காபி பிடித்துக்கொண்டு வந்தார். சித்தி ஒரு வாய் குடித்தாள். பக்கத்தில் வாளி இல்லை. விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?" என்று ஆவலாகக் கேட்டார்.

"நல்லாயிருக்கு சார்" என்றாள் சித்தி.

அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து படிவத்தைப் பார்த்துக்கொண்டேன்.