காட்டில் கிடந்த கல்யாணப் போத்தல்கள்

காட்டுக்குள் நுழையுமுன் ஹாசிம் சொல்லும் விதி ஒன்றுதான்: கொண்டுபோவது எல்லாம் திரும்பி வரவேண்டும். டொபி மிட்டாய் சுற்றிய தாள்கூட. வெளியே வரும்போது ஒவ்வொருவரும் பையைத் திறந்து காட்ட வேண்டும். யாராவது முகம் சுளித்தால், "உப்புப் பாத்தியில செருப்போட ஏறுவீங்களா?" என்று கேட்பார். இளவயது முதல் புத்தளம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். மழை மாதங்களில் அங்கே வேலை குறைவு. அப்போதுதான் ஆட்களைக் காட்டுக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார்.

புத்தளத்துக்கு வடக்கே இருக்கும் அந்த அரச காட்டில் தங்குமிடமோ கழிப்பறையோ கிடையாது. அனுமதித் துண்டு, தோளில் தண்ணீர், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்ட ஒரு தறப்பாள், அவ்வளவுதான்.

சென்ற மாதம் சிலாபத்திலிருந்து சுஜாந்தி என்ற தாதியும் அவளுடன் வேலை செய்யும் மூன்று பெண்களும் வந்தார்கள். அண்ணன் என்பதற்கு அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் சொல்வதுபோல் அவரை நானா என்று அழைத்தார்கள். இரைச்சல் இல்லாத இடத்தில் ஓர் இரவு படுக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அது கிடைத்தது. பாலை மரத்தடியில் குழி தோண்டி, சுள்ளி மூட்டி, சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கினார்கள். காலையில் ஹாசிம் சாம்பலில் தண்ணீர் ஊற்றி, குழியை மூடி, மேலே சருகு பரப்பினார். அங்கே ஆள் இருந்த அடையாளமே இல்லை.

திரும்பும்போது வில்லு ஒன்றைக் காட்டுவதற்காக வேறு பாதையில் நடத்தினார். மழைநீர் தேங்கி நிற்கும் குளத்தை அந்தப் பக்கம் வில்லு என்பார்கள். அதன் கரையில் ஒரு குவியல் கிடந்தது. சோறு சுற்றும் லஞ்ச் ஷீட்டுகள், யோகட் கோப்பைகள், நிறையத் தண்ணீர்ப் போத்தல்கள். குரங்குகள் இழுத்துப் பரப்பியிருந்தன.

சுஜாந்தி ஒரு போத்தலை எடுத்து, அதில் ஒட்டியிருந்த பொன்னிறத் தாளை வாசித்தாள். "ஷிம்லா, ரிஷாத். பாவம் அந்தப் பொம்பிள. பேரைக் கொண்டுவந்து குரங்குக்குக் குடுத்திருக்கிறாங்கள். யார்ட கல்யாணம் நானா, தெரியுமா?"

"தெரியாது," என்றார் ஹாசிம்.

ஷிம்லா அவருடைய ஒரே மகள். வீட்டில் வைத்த வலீமா என்னும் கல்யாண விருந்துக்கு மறுநாள் காலை, வாடகை லேண்ட்மாஸ்டர் இழுவை வண்டியில் குப்பையை ஏற்றிவிட்டவர் அவர்தான். எங்கே கொட்டுவாய் என்று ஓட்டுநரிடம் கேட்கவில்லை. முற்றம் துப்புரவானால் போதும் என்றிருந்தது.

"ஏலுமானதைக் கொண்டுபோவம்," என்றாள் சுஜாந்தி. "விதி எண்டா விதிதானே."

ஹாசிம் எப்போதும் ஒரு வெற்று உரப்பை வைத்திருப்பார். அதில் கொள்ளுமட்டும் நிரப்பினார்கள்.

"நானா பேர் ஒட்டின போத்தலாப் பார்த்துப் பொறுக்கிறார்," என்றாள் ஒருத்தி சிரித்துக்கொண்டே. அவர் கை அங்கேயே நின்றது.

காட்டிலிருந்து வருபவர்களுக்குப் பகல் சாப்பாடு அவர் வீட்டில்தான். வீட்டில் சுகமில்லை, கடையில் சாப்பிடுவோம் என்று சொல்லிவிடலாம். வழி முழுக்க அதையே யோசித்தார். இரண்டாவது பொய் வாயில் வரவில்லை.

காட்டு எல்லையில் சுஜாந்தி தன் பையைத் திறந்து பிடித்தாள். "பார்க்கல்லையா நானா?"

"தேவையில்ல மகள்."

வீட்டு வாசலில் மருதாணி மங்காத கைகளோடு மகள் நின்றாள். "வாங்க அக்கா, கை கழுவுங்க."

"உங்கட பேர் என்ன தங்கச்சி?"

"ஷிம்லா."

நான்கு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சுஜாந்தி மட்டும் காலால் உரப்பையை மெல்லத் தள்ளித் தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பின்னால் மறைத்தாள். அதை ஹாசிம் கண்டார். அந்த இரக்கத்தை அவரால் தாங்க முடியவில்லை. போய் உரப்பையை இழுத்து வந்து முற்றத்தின் நடுவில் வைத்தார்.

"காட்டுக்குள்ள கேட்டீங்களே, யார்ட கல்யாணம் எண்டு. என்ட மகள்ட கல்யாணம்தான். தெரியாதெண்டு பொய் சொன்னேன்."

"சரி நானா. சோறு ஆறுது, வாங்க," என்றாள் சுஜாந்தி.

ஷிம்லா குனிந்து உரப்பைக்குள் பார்த்தாள். "வாப்பா, இது காட்டிலயா கிடந்த?"

அவர் தலையாட்டினார். அவள் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். விருந்தாளிகளுக்குப் பரிமாறவும் வரவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்றுதான் ஹாசிம் நினைத்திருந்தார். அதில் பாதி மகளின் தலையில் இறங்கும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் வீட்டிலிருந்த உரப்பைகளை எல்லாம் சுருட்டிக்கொண்டு மிச்சக் குப்பையைப் பொறுக்கப் புறப்பட்டார். மாப்பிள்ளை ரிஷாத் கல்யாணம் முடிந்து பெண் வீட்டோடு இருக்க வந்தவன். புது மாப்பிள்ளையிடம் ஒரு வாளி தண்ணீர் அள்ளித் தரச் சொல்லவும் அந்த வீட்டில் யாரும் துணியமாட்டார்கள். அவன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசற்படலையில் நின்றான்.

"நீங்க எங்க மகன்?"

"என்ட பேரும்தானே அங்க கிடக்கு, மாமா."

ஹாசிம் ஓர் உரப்பையை அவன் பக்கம் நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. காடு வரைக்கும் முன்னாலேயே நடந்தார்.