அம்மா போடாத கையெழுத்து

அப்பா இறந்தபின் சாலைக் கடைத்தெருவில் அவர் நடத்திய கடையை எங்கள் பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்றிதழ் தேவைப்பட்டது. தாலுகா ஆபீஸில் கொடுக்கவேண்டிய சத்தியவாக்குமூலத்தில் கையெழுத்துப் போட, அண்ணன் அம்மாவையும் என்னையும் நோட்டரி வக்கீலிடம் அழைத்துப்போனான்.

வாக்குமூலம் மலையாளத்தில் இருந்தது. அம்மா மலையாளம் நன்றாக வாசிப்பாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

“பிள்ளைங்க ரெண்டு பேருன்னு போட்டிருக்கே?”

அக்காவின் பெயர் அதில் இல்லை. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டு அக்கா விதுராவுக்குப் போய்ப் பல வருடங்களாகின்றன. அன்றிலிருந்து அம்மா அவளிடம் பேசியதில்லை. அப்பாவின் சாவுக்கு அக்கா வந்தபோதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் தைரியத்தில்தான் அண்ணன் அப்படி எழுதச் சொல்லியிருக்க வேண்டும்.

“இதில பொய் எழுதி ஒப்பு போட்டா என்னா வரும் சாரே?” என்று அம்மா கேட்டாள்.

வக்கீல் அண்ணனை ஒருமுறை பார்த்தார். “தெரிஞ்சே பொய் சத்தியம் பண்ணினா கேஸாக்கும் அம்மா. மூணு வருஷம் வரை ஜெயில், பைனும் உண்டு. பொய்யுன்னா நான் சீல் வைக்க மாட்டேன்.”

“யாரு வந்து விசாரிச்சு அன்வேஷிக்கப் போறா?” என்றான் அண்ணன். “அவ செத்துப் போயாச்சுன்னு நீதானே சொல்லுவே?”

“அது எனக்கும் அவளுக்கும் உள்ள கோவம். சர்க்காருக்கு அதில என்னா காரியம்? ஜெயில் கிடக்கட்டும். நான் மூணு பெத்தேன். ரெண்டுன்னு என் கையால ஒப்பு போட மாட்டேன்.”

அவ்வளவு கோபத்திலும் ஒரு பொய்க்கு இடம் கொடுக்காத அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீல் காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக டைப் செய்யச் சொன்னார்.

அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும் என்றானது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தானே விதுராவுக்குப் பஸ் ஏறினாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா எங்களைக் கண்டு அப்படியே நின்றாள்.

“ஒப்பு வேணும். வாசிச்சுப் பாத்துட்டுப் போடு.”

தன் பெயரைப் பார்த்ததும் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு, “சாயா குடிப்பியாம்மா?” என்றாள்.

“மதுரம் குறச்சு போடு” என்று அம்மா உள்ளே போய் உட்கார்ந்தாள்.

சான்றிதழில் எங்கள் நால்வர் பெயரும் வந்தது. மருமகனிடம் அம்மா இன்னும் பேசவில்லை. ஆனால் விதுராவுக்கு இப்போது தனியாகவே பஸ் ஏறிப் போகிறாள்.