கண்ணுக்குப் பயந்து விட்டுவைத்த பல்

ஆம்பூரில் ஷூவின் மேல்தோல் தைக்கும் கூடம் ஒன்றைக் கட்டினேன். வாடகை அறையில் ஒரே ஒரு தையல் மெஷினோடு ஆரம்பித்து, நாற்பது மெஷின் ஓடும் இடமாக்கினேன். இரண்டு மாடி வீடு கட்டினேன். நாலாம் வகுப்போடு நின்ற நான் பிள்ளைகளைப் பட்டம் வாங்க வைத்தேன். ஆர்டர் நின்றுபோன வருஷத்திலும் ஒரு ஆளையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. இதிலெல்லாம் யாரிடமும் யோசனை கேட்டவன் இல்லை நான். என் மனைவியின் பல் விஷயத்திலும் கேட்கவில்லை.

மேல்வரிசையில், வலது பக்கக் கோரைப்பல். சோறு மெல்லும்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் முதல் நாளே சொன்னாள்.

“மாமா, அத்தைய பல் டாக்டர்கிட்ட இட்டுனு போலாம். எடுக்கணும்னா எடுத்துடட்டும்.”

“மேல் பல்லும்மா அது. புடுங்குனா கண்ணு பூடும். எங்க அண்ணனுக்குப் போச்சு. நீ பாக்கல, நான் பாத்தேன்.”

நெமிலிப் பக்கம் இருந்த என் அண்ணன் மேல்பல்லைப் பிடுங்கிக்கொண்டார். இரண்டு வருஷத்தில் இரண்டு கண்ணும் போயிற்று. அவர் கையைப் பிடித்து வரப்பில் நடத்திக்கொண்டு போனவன் நான். அந்தப் பயம் என்னோடு இருந்தது. அதை யாரிடமும் பயம் என்று சொல்லாமல் உத்தரவாகச் சொன்னேன்.

பல்லில் கிராம்பு வைத்தேன். மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கினேன். வலி கம்மியானதும், “பாத்தியா?” என்றேன். கன்னம் வீங்கியதும் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து நானே ஒத்தடம் கொடுத்தேன். “சூடு ஜாஸ்திங்க” என்றாள். பொறுத்துக்கொள் என்றேன்.

பதினோராம் நாள் காலை அவளுடைய வலது கண் இமைகள் ஒட்டிக்கொண்டு பளபளவென்று உப்பியிருந்தன.

“இன்னாங்க, இது தொறக்க மாட்டேங்குது” என்றாள், ஏதோ ஜன்னல் கொக்கி சிக்கிக்கொண்டதைச் சொல்வது போல.

வேலூருக்கு மருமகள் கார் ஓட்டினாள். பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டிகள் வரிசையில் நின்றபோது, கண் திறந்தால் சோளிங்கர் மலைப் படி ஏறுகிறேன் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன்.

“ரோப் கார்ல வர்றேன்னு வேண்டிக்கோங்க” என்றாள் என் மனைவி, வீங்கின உதட்டோடு. “உங்க முட்டிய நம்பி என் கண்ண அடமானம் வைக்காதீங்க.”

பல் டாக்டர் என் மகள் வயதுப் பெண். விளக்கை இழுத்து வைத்து வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார்.

“நூலைப் பல்லால கடிக்கிற பழக்கம் இருக்காம்மா? இங்க பள்ளமா அறுத்திருக்கு.”

வாயைத் திறந்து வைத்திருந்ததால் அவளால் பேச முடியவில்லை. நான்தான் தலையாட்டினேன். ஆரம்ப நாளில் எங்களிடம் இருந்தது ஒரே கத்தரி. அது என் கையில் இருந்தது. நைலான் நூலை அவள் வலது பக்கப் பல்லில் கடித்து அறுப்பாள். நாற்பது மெஷின் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. சரக்கு பார்க்க வருகிறவர்களிடம், எங்கள் வீட்டம்மாவுக்குக் கத்தரியே தேவையில்லை என்று நான் பெருமை பேசியிருக்கிறேன்.

“பள்ளம் ஆழமாகி உள்ள நரம்பு செத்துப்போச்சு. வேர்ல சீழ் கட்டி, கண்ணு வரைக்கும் ஏறியிருக்கு.”

“மேல் பல்ல எடுத்தா கண்ணு போவாதா, டாக்டர்?”

“பல் நரம்பு வேற, பார்வை நரம்பு வேற ஐயா. எடுத்தா பார்வை போகாது. இப்படி விட்டுவச்சாதான் கண்ணுக்கு ஆபத்து.”

“எங்க அண்ணனுக்கு?”

“அவருக்குச் சர்க்கரை இருந்துச்சா?”

இருந்தது. அதுவும் கண்ணைக் கெடுக்கும் என்றார். மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். அது வலியை மறைத்ததே தவிர சீழை நிறுத்தவில்லை என்றார். ஒத்தடத்தைப் பற்றிக் கேட்டேன். “சூடு வச்சிருக்கக் கூடாதுங்க” என்று மட்டும் சொல்லி எழுந்துகொண்டார்.

அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கூடத்தில் மெஷின் திணறினால் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அவள் மூக்குக்கண்ணாடி என் கையில் இருந்தது. அதை வேட்டி நுனியில் துடைத்தேன். துடைத்ததையே திரும்பத் துடைத்தேன்.

பல்லை எடுத்துச் சீழை வெளியேற்றிவிட்டார்கள். வீக்கம் வடிந்து கண்ணைத் திறந்த பிறகுதான் பார்வையைப் பற்றிச் சொல்ல முடியுமாம். டாக்டர் கட்டிலருகே நின்று எழுதிக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா இவ்ளோ நாள் வரல?”

பஞ்சைக் கடித்தபடி அவள் சொன்னாள்: “பயம். நான்தான் வரலன்னுட்டேன்.”

டாக்டர் எழுதினார். அது இங்கிலீஷ். மருமகளைப் படிக்கச் சொன்னேன். நோயாளி பயந்து தாமதமாக வந்தார் என்று இருந்தது.

“தப்பு டாக்டர். அவ பயப்படல. நான் விடல. அப்படி எழுதுங்க.”

“இதுல அதெல்லாம் எழுத மாட்டோம் ஐயா.”

“சும்மா இருங்களேன்” என்றாள் கட்டிலிலிருந்து.

இன்று மூன்றாம் நாள். கண் இன்னும் திறக்கவில்லை. என் கூடத்து வாசலில், கட்டியவர் என்று என் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பெயரை அந்தத் தாளிலும் எழுத வேண்டும். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பல்லால் நூல் கடிக்க விட்டது நான். அந்தப் பதினோரு நாளும் என்னுடையவை. அதில் ஒரு நாளைக்கூட அவள் பெயரில் எழுதாதீர்கள்.