ஆவுளியாவில் எனக்கும் ஒரு பங்கு

போன தை மாதத்தில் அறந்தாங்கியில் ஒரு கிரகப்பிரவேசம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆவுளியாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். கடற்பசு என்றால்தான் பலருக்குப் புரியும். "பசு பாக்க ஜெகதாப்பட்டினம் போகணுமா? கொல்லையில ரெண்டு நிக்குது" என்றார் என் கணவர். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதுக்கோட்டையிலிருந்து வருபவர்கள் அறந்தாங்கியில் பஸ் மாற வேண்டும். முதல் முப்பது சொச்சம் கிலோமீட்டர் சுகம். அப்புறம் இடுப்பு இருந்தால் பிழைத்தீர்கள். விடியற்காலை பஸ்ஸில் போய் ஜெகதாப்பட்டினத்தில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் ஆவுளியா எங்கே பார்க்கலாம் என்று கேட்டேன். "அதென்ன டிக்கெட் போட்டுக் காட்டுற சாமானா? அங்கிட்டு கரைவலை இழுக்குறாங்க, அதையாவது பாருங்க" என்று ஒரு சின்ன மீனவ ஊரில் இறக்கிவிட்டார்.

கரைவலை என்றால், படகில் போய் அரைவட்டமாக வலையை விட்டு, கரையிலிருந்து இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுப்பது. மீனெல்லாம் கடைசியில் மடி என்கிற பையில் வந்து சேரும். வலைக்காரி செல்விக்கு வெண்கலக் குரல். "சும்மா நிக்காம ஒரு கை குடுங்கக்கா. கயித்துல கை வச்சவங்களுக்குப் பங்கு உண்டு!" பிடித்தேன். உள்ளங்கை எரிந்தது.

எனக்கு முன்னால் பாண்டி. மூன்று நாளாக வலையில் வெறும் பாசி. வீட்டில் புது மருமகன் விருந்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். "கடக்கரையில சம்பந்தம் பண்ணுனவருக்கு சாம்பார் ஊத்துறேங்க. மானம் போகுது" என்றார். இன்று கயிறு கனத்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மடி இடுப்பளவுத் தண்ணீருக்கு வந்தபோது உள்ளேயிருந்து 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. சாம்பல் நிறத்தில் சப்பை மூக்கு எட்டிப் பார்த்து அமிழ்ந்தது.

"ஆத்தாடி, ஆவுளியா!" என்றாள் செல்வி. "மடிய அவுத்து விடு."

"அவுத்தா மீனும்ல போயிரும்? கரைக்கு இழுத்து மீன அள்ளிட்டு, அப்பறம் தள்ளி விடுவோம்" என்றார் பாண்டி.

"மூச்செடுக்க மேல வர முடியாமத் தவிக்குது. மண்ணுல இழுத்தா தாங்குமா?"

"அப்ப என் மருமகனுக்கு என்னத்தப் போடுறது? பாசியவா?"

யாரும் சிரிக்கவில்லை. மூக்கு மறுபடி எழும்பியது. வலை அழுத்தியதில் பாதியிலேயே இறங்கிவிட்டது. பாண்டி வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே தண்ணீரில் முங்கினார். மடிக்கயிற்றை அவிழ்த்தது அவர்தான்.

மீன்கள் கொட்டிக்கொண்டு போயின. அவற்றோடு, ஆள் நீளத்துக்கும் மேலான அந்த உடம்பு அவர் தொடையை உரசிக்கொண்டு வெளியேறியது. கொஞ்ச தூரம் தள்ளி எழும்பி நிதானமாக ஒரு மூச்சு விட்டது. "திரும்பிப் பாக்குதா பாரு, நன்றி கெட்டது" என்று செல்வி சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

போகிறவர்களுக்கு: இந்தக் கடல் பகுதியை ஆவுளியாக்களின் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். அவை மேய்கிற கடல்புல்லும் இங்கேதான். ஆனால் அறிவிப்புப் பலகை வந்து மடியை அவிழ்க்காது. படகில் கூட்டிப்போகச் சொல்லி நச்சரிக்காதீர்கள். ஆவுளியா வலையில் சிக்கியிருந்தால் செல்பி கேட்காதீர்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், காலி பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

இன்னொன்று, கயிற்றில் கை வைத்தால் பங்கு கொடுப்பார்கள். அன்று வலை மூலையில் மிஞ்சியது ஒரு சட்டி சூடை மீன். அதையும் கூறு போட்டார்கள். பாண்டி தன் கூறோடு என் கூறையும் எடுத்துக்கொண்டு வந்து என் பையைத் திறக்கச் சொன்னார். என் கூறு ஐந்து மீன். ஐயோ, மருமகனுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பின்வாங்கினேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பிடிங்கக்கா. மீன்ல பங்கு வேணாம்னா, ஆவுளியாவ விட்டதுலயும் ஒங்களுக்குப் பங்கு இல்ல."

வாங்கிக்கொண்டேன்.