பச்சைப் புள்ளி

கொரோனாவால் குற்றால அருவிகளில் குளிக்கத் தடை. நான் மேனேஜராக இருந்த லாட்ஜில் ஒரே ஒருவர்தான் தங்கியிருந்தார். ஊரில் சிக்னல் இல்லையென்று ஆலங்குளம் பக்கமிருந்து வந்து, சென்னைக் கம்பெனி வேலையை அறையிலிருந்தே பார்த்தார். ஒல்லியான ஆள், கழுத்தில் எப்போதும் ஹெட்போன். வலது கையால் இட்லி சாப்பிடும்போதும் இடது கை மவுஸை அசைத்துக்கொண்டிருக்கும். அசைக்காவிட்டால் திரையிலுள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகி, ஆள் சும்மா இருப்பதாகக் கம்பெனிக்குக் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

ஒருநாள் பல்வலியில் அவர் கன்னம் வீங்கிவிட்டது.

"அண்ணாச்சி, தென்காசி போயி டாக்டரப் பார்த்துட்டு வந்திருதேன். அதுவரைக்கும் இத அசைச்சிக்கிட்டே இருங்க."

"லீவு போட வேண்டியதுதான சார்?"

"லீவா? ஏற்கெனவே ஆளக் கொறைச்சிக்கிட்டு இருக்காங்க. அடுத்து வேலைய விட்டு அனுப்புதது என்னயத்தான்."

எனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. மதியம் முழுக்க மவுஸைத் தேய்த்ததில் கை கடுத்ததுதான் மிச்சம். இதெல்லாம் ஒரு வேலையா என்று எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் திரும்பியவர் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று நன்றாக வேலை செய்ததாக மேலதிகாரி பாராட்டி எழுதியிருந்தார்.

"நான் வேல பார்த்த நாள்லாம் ஒரு வார்த்த சொல்லல, அண்ணாச்சி."

சொல்லும்போதே அவர் கை மவுஸை அசைக்க ஆரம்பித்திருந்தது. அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் அவருக்கு ஏன் வரவில்லை என்று இன்றுவரை புரியவில்லை.